வேனுக்குக் காற்றுப் பந்தல் வாங்கும் முன்

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருபது வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரில்தான் முதல் காற்றுப் பந்தலை வாங்கினேன். தெலுக் பஹாங்கில் விடியற்காலை ஐந்து மணிக்கு அது என் மனைவி மேல் படுத்துக்கொண்டது. "ஊருக்கெல்லாம் காத்து பார்க்கிற ஆளு, இதைப் பார்க்கலையா?" என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

கேரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் பந்தல் இது. கம்பிக்குப் பதில் காற்றடைத்த குழாய்கள் தாங்கும். கடையில் ஏர் ஆவ்னிங் என்று கேளுங்கள். என்னிடம் கேரவன் இல்லை, பின் சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்ட பழைய வேன்தான்.

முதலில் வால்வைப் பாருங்கள். ஒரே வால்வில் எல்லாக் குழாய்க்கும் காற்றுப் போவது வசதிதான். ஆனால் குழாய்களுக்கு நடுவே அடைப்பான் இல்லாவிட்டால், ஒன்று ஒழுகினால் எல்லாம் சாயும். எனக்கு நடந்தது அதுதான். அடுத்து, துணி உறையில் ஜிப் இருக்கிறதா, உள்குழாயை உருவி மாற்ற முடியுமா, மாற்றுக் குழாய் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். வெளியே டயர், உள்ளே டியூப், அதே கதை. ஆனால் டியூப்புக்கு ஒட்டும் ரப்பர் பஞ்சர் துண்டை இதில் ஒட்டாதீர்கள். இந்தக் குழாய் டிபியு என்ற பிளாஸ்டிக். நான் ஒட்டியது மத்தியானத்துக்குள் உரிந்துவிட்டது. டிபியுவுக்கென்றே ஒட்டுத்துண்டு உண்டு. ஓட்டையைத் தேட மட்டும் நம் சோப்புத் தண்ணீரே போதும்.

காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வோம். கார் டயருக்கு முப்பது பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கிறோம். பந்தலுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள்தான். சரியான அளவு அதன் பையிலோ வால்விலோ எழுதியிருக்கும். கடைக் கம்பிரசரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்; அளவுமானி வைத்த கைப்பம்பு போதும். காலை 28 டிகிரியில் ஏழு அடித்த குழாய், வெயிலில் சூடேறி 50 டிகிரி ஆனால் எட்டரையைத் தாண்டும். அதனால் வெயில் ஏறும் முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். குளிரான கேமரன் மலையில் இதற்கு நேர்மாறு. பகலில் 32 டிகிரியில் ஏழு அடித்தால், இரவு 16 டிகிரியில் ஆறுக்குக் கீழே நிற்கும். ஒழுகுகிறது என்று பதறி எழ வேண்டாம்.

அளவெடுக்க டேப்போடு போங்கள். வேன் என்றால் தரையிலிருந்து பந்தல் மாட்டும் இடம் வரை உயரம். தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த வேன்களுக்கென்று பந்தல்கள் தனித்தனியாக வரும். முழுநீளப் பந்தல் போடும் கேரவன்காரர்கள் தரையில் தொடங்கி, கேரவன் பக்கவாட்டில் பந்தலின் ஓரம் நுழையும் பள்ளத்தோடு மேலேறி வளைந்து, மறுபக்கத் தரை வரை நூல் பிடித்து அளக்க வேண்டும். பள்ளத்துக்குள் நுழையும் தடித்த ஓரம் நான்கு மில்லிமீட்டரா ஆறா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு 3000 மில்லிமீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்தத் துணி மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். நல்லதுதான். ஆனால் நம் மழையில் எனக்கு முக்கியம் கூரையின் சரிவு. தட்டையான கூரையில் தண்ணீர் தேங்கும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. இன்னொன்று சுமத்ரா காற்று என்கிற திடீர்ச் சூறைக்காற்று. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில்தான் பெரும்பாலும் அடிக்கும். பந்தலைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் புயல் பட்டைகள் கட்ட வளையம் உள்ள பந்தலாக எடுங்கள். மணலில் குட்டை முளைகள் நிற்காது. நான் கோணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுவேன். இரு பக்கமும் கொசுவலை ஜன்னல் வேண்டும். மூடிய பந்தலுக்குள் இங்கே ஆள் வெந்துவிடுவான்.

துணி பாலியெஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி கலந்தது உள்ளே புழுங்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் கனம் அதிகம், காயவும் நாளாகும். ஈரத்தோடு மடித்து இரண்டு வாரம் வைத்த என் பழைய பந்தலில் கறுப்புப் பூஞ்சை பூத்து, இன்னும் போகவில்லை. தரை விரிப்பு தைத்து ஒட்டாமல் தனியாக வருவதும் இதற்காகவே நல்லது. கழற்றித் தனியாகக் காயப்போடலாம். நான் ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். பந்தலை நடைபாதைக் கைப்பிடியில் விரித்தால், மூன்று வீட்டு வாசல் வரை போகிறது.