இணையம் எட்டாத பழங்குடிப் பள்ளிக்கு ஒரு குட்டி நூலகம்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பழங்குடியினர் நிலத்துக்குள் நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும். 1976 நிலவுரிமைச் சட்டம் அப்படி. ஆகவே அங்குள்ள பள்ளிக்கு இணையமில்லாமல் இயங்கும் மின்நூலகம் அமைக்க முதல் வேலை கருவி வாங்குவதல்ல. பள்ளியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் என்ன தேவை என்று கேட்பது. பிறகு பழங்குடி நிலங்களைக் கவனிக்கும் அமைப்பான நில மன்றத்தில் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி, 256 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போதும். இணையமின்றி விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் விக்கிப்பீடியாவை நகரத்திலேயே பதிவிறக்கிவிடுங்கள், செயற்கைக்கோள் இணைப்பில் அவ்வளவு பெரிய கோப்பை முயல்வது வீண். வார்ல்பிரி போன்ற உள்ளூர் மொழிப் பாடங்களை ஊரார் சம்மதித்தால் மட்டும் ஏற்றுங்கள். இறந்தவர்களின் படம், குரல் பல சமூகங்களில் விலக்கு.

சாதாரண போன் சார்ஜரைச் செருகினால் மின்னழுத்தம் இறங்கிக் கருவி தானாக மறுதொடக்கமாகலாம். பல வீடுகளில் மின்சாரம் முன்கட்டணம். பணம் தீர்ந்ததும் சட்டென்று நிற்கும், அப்போது தரவு எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் கார்டு கெடலாம். கார்டை வாசிப்பு மட்டும் முறையில் வையுங்கள். ஒரு நகல் கார்டு பள்ளியிலேயே இருக்கட்டும்.

வடகோடி ஊர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், சாலை துண்டிக்கப்படும். கருவியை மே மாதத்துக்குப் பின் அனுப்புங்கள்.