ஹோஸ்டாவைக் கொல்வது குளிர் அல்ல: பனிக்காலத்துக்கு முன் தவிர்க்க வேண்டியவை

அக்டோபர் பிறந்ததும் டொரொன்டோவில் நம்மவர் வீடுகளில் கறிவேப்பிலைச் சாடி உள்ளே வந்துவிடும். அது வெப்பநாட்டுச் செடி, வரத்தான் வேண்டும். அதே கையோடு, இலை அழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டாச் செடியின் சாடியையும் தூக்கிவந்து ஜன்னலோரம் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி அது. குளிரில் சில வாரங்கள் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காக முளைக்கும். மண்ணில் நட்ட ஹோஸ்டா −30 பாகையையும் தாங்கும். சாடிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, ஏனெனில் அதில் வேரை நாலு பக்கமும் குளிர் தாக்கும். இலை பட்டுப்போனதும் ஹீட்டர் இல்லாத கராஜில் வையுங்கள். தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஈரத்தில் ஊறிய வேர்தான் அழுகும்.

அடுத்தது மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்மேல் பரப்பும் காய்ந்த இலை. செடிக்குப் போர்வை போர்த்துவதாக எண்ணி, அக்டோபரிலேயே காய்ந்த இலையைக் குவித்துவிடுகிறோம். மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பதல்ல. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைப்பது. பகலில் இளகி இரவில் உறையும்போது மண் உப்பி, செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். அதே இலையுதிர்காலத்தில் புதிதாக நட்ட கன்றுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே தரை உறைந்த பிறகு ஐந்து, ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். நடுவில் கூரிய மொட்டுகள் இருக்கும் அடிப்பகுதியை மூடாதீர்கள். அங்கே குவித்தால் அழுகலும் வரும், வோல் எலியும் வரும். அந்தச் சின்ன எலிக்கு மூடாக்கு நல்ல மறைவிடம். அதற்குள் இருந்துகொண்டு பனிக்காலம் முழுக்க வேரைத் தின்றுவிடும். வசந்தத்தில் போய்ப் பார்த்தால் முளை வேரில்லாமல் கையோடு வந்துவிடும்.

இலையைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டுவதும் நல்லதல்ல. அது மஞ்சளாகும்வரை வேருக்கு உணவு சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கடும் உறைபனிக்குப் பின் இலை குழைந்து தரையில் படுத்துவிடும். அப்போது லேசாக இழுத்தாலே பெரும்பாலும் கழன்று வரும். அதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம், நத்தை முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. கோடையில் இலை நரம்புகளுக்கு இடையே பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தால் அது இலைக்குள் வாழும் நுண்ணிய இலை நூற்புழுவின் வேலையாக இருக்கலாம். காய்ந்த இலையிலும் அது உயிரோடு கிடக்கும், கம்போஸ்டில் போட்டால் தோட்டமெல்லாம் பரவும். கத்தரிக்கோலையும் ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இடையில் பிளீச் கலந்த நீரில் கழுவுங்கள். ஹோஸ்டாவைத் தாக்கும் ‘ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்’ என்ற நோய்க்கிருமி செடியின் சாற்றின் வழியேதான் தொற்றுகிறது.

ஆகஸ்டுக்குப் பிறகு உரம் வேண்டாம், குளிர் வரும் நேரத்தில் இளந்தளிர் விட்டால் அது கருகத்தான் செய்யும். ஆனால் மழை குறைந்த இலையுதிர்காலமென்றால் தரை உறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். செடியைப் பிரித்து நடுவதானால் தரை உறைய ஒன்றரை மாதமாவது இருக்கவேண்டும். உப்புப் போட்ட நடைபாதையில் அள்ளும் ஸ்னோவை அதன்மேல் கொட்டாதீர்கள்.

ஏப்ரலில் பக்கத்துச் செடியெல்லாம் துளிர்த்திருக்க, ஹோஸ்டா இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். செத்துவிட்டதென்று தோண்டிவிடாதீர்கள். அது இயல்பிலேயே தாமதமாக எழும் செடி. மே நடுப்பகுதிவரை பொறுத்துப் பாருங்கள்.