பெரிய குடும்பத்துக்கு கிறிஸ்மஸ் லெட்டர் எழுதுறது எப்படி, ரேங்க் கார்டு ஆகாம

டிசம்பர் பொறந்துட்டா திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவ வீடுகள்ல வேலைக்கு பஞ்சமே இல்ல. ஒட்டடை அடிக்கணும், ஸ்டார் கட்டணும், முந்திரிக்கொத்துக்கு பயறு வறுக்கணும், கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி எத்தனை மணிக்கு நம்ம தெருவுக்கு வரும்னு தெரியாம கேக்கையும் காபியையும் ரெடியா வச்சிட்டு கண்ண கசக்கிட்டு உக்காந்திருக்கணும். இதுக்கு நடுவுல யாராவது ஒருத்தர் தலைல "நம்ம குடும்பத்துல இந்த வருஷம் நடந்ததெல்லாம் ஒரு லெட்டரா எழுதி எல்லாருக்கும் அனுப்பு"ன்னு விழும். அந்த ஆள் நீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

பெரிய குடும்பம்னு நான் சொல்றது தாத்தா ஆச்சிக்கு ஆறு ஏழு பிள்ளைங்க, அவங்களுக்கு கல்யாணம் ஆகி ஆளுக்கு ரெண்டு மூணு, அதுல பாதி பேருக்கு இப்ப பிள்ளைங்க, ஒரு வீடு பாளையங்கோட்டைல ஒரு வீடு தாம்பரத்துல ஒண்ணு பெங்களூர்ல ஒண்ணு துபாய்ல ஒண்ணு நியூஜெர்சில. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அதுல காலைல வசனம், குட்மார்னிங் பூ, ஹேப்பி பர்த்டே, அதுக்கு கீழ நாப்பது கேக் எமோஜி, இதுக்கு நடுவுல சின்ன மாமாவுக்கு கண் ஆபரேஷன் ஆனது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதனாலதான் லெட்டர்.

முதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வீடு வாரியா எழுதப் போறீங்களா மாசம் வாரியா எழுதப் போறீங்களா. எல்லாரும் வீடு வாரியாத்தான் ஆரம்பிப்பாங்க, பெரியப்பா குடும்பம், அடுத்து அத்தை குடும்பம், அடுத்து சித்தப்பா குடும்பம்னு. அங்கதான் எல்லாம் கெட்டுப் போகுது. ஏன்னா ஒரு வீட்டுக்கு மெடிக்கல் சீட்டு, வீடு பிரதிஷ்டை, புது கார்னு பத்து வரி வரும், பக்கத்து வீட்டுக்கு "அனைவரும் சுகமாக உள்ளனர்"னு ஒரே வரி. படிக்கிறவங்க வரிய எண்ணுவாங்க, எண்ணலன்னு சொன்னா நம்பாதீங்க, எண்ணுவாங்க. ஸ்கூல்ல ரேங்க் கார்டு கையெழுத்து வாங்குற மாதிரி ஆயிடும். மேல்நாட்டுலயும் இதே கதைதான், லண்டன்ல 1843லயே கிறிஸ்மஸ் கார்டு அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சிட்டாங்க, பின்னாடி ஜெராக்ஸ் வந்ததும் ஒரே லெட்டர காப்பி போட்டு எல்லாருக்கும் அனுப்புறது பெருகிப் போச்சு, பெருமையடிக்கிற லெட்டருன்னு அவங்களே அதை கிண்டலும் பண்றாங்க.

மாசம் வாரியா எழுதினா இந்த பிரச்சனை பாதி தானா போயிடும். ஜனவரில யாருக்கு என்ன நடந்துச்சோ அது ஜனவரில. அப்ப எல்லா வீடும் கலந்துதான் வரும், மே மாசம் எல்லாரும் ஊருக்கு வந்தது, மாமரத்துல காய் பிடிக்காதது, பொடியனுங்க விபிஎஸ்ல (சர்ச்ல நடக்கிற லீவு பைபிள் ஸ்கூல்) பாட்டு பாடினது, பெரிய அத்தான் பையன் ப்ளஸ் டூ ரிசல்ட், எல்லாம் ஒரே பத்தில. நல்ல மார்க் வாங்கினவனும் மாங்கா இல்லாத மரமும் பக்கத்து பக்கத்துல நின்னா பெருமை கொஞ்சம் அடங்கிடும், படிக்கவும் நல்லா இருக்கும்.

சரி, விஷயத்தை எங்க இருந்து சேக்குறது. "உங்க வீட்ல இந்த வருஷம் என்ன நடந்துச்சு"ன்னு குரூப்ல கேட்டீங்கன்னா ஒருத்தரும் பதில் போட மாட்டாங்க, போட்டா "எல்லாம் கர்த்தருடைய கிருபை"ன்னு போடுவாங்க. அதுக்கு பதிலா நீங்களே முதல்ல தோண்டணும். வாட்ஸ்அப் குரூப் பேர தட்டி மீடியாவுக்குள்ள போங்க, போட்டோ எல்லாம் மாசம் மாசமா பிரிச்சே இருக்கும். கூகுள் போட்டோஸ்ல மாசமும் வருஷமும் போட்டு தேடினா அந்த மாசத்து படம் மட்டும் வரும். ஐஆர்சிடிசில பழைய டிக்கெட் பாத்தா யாரு எப்ப ஊருக்கு வந்தாங்கன்னு தேதியோட கிடைக்கும். எல்லாத்தையும் விட பெரிய பொக்கிஷம் ஆச்சி வீட்டு அடுப்படில தொங்குற மாச காலண்டர். பால் கணக்கு, கேஸ் போட்ட தேதி, கரண்ட் பில், யாரு வந்தா யாரு போனா, ஓலை (சர்ச்ல படிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிச்ச ஞாயிறு எது, எல்லாம் அந்த கட்டத்துக்குள்ள பென்சில்ல இருக்கும். டிசம்பர்ல புது காலண்டர் வந்ததும் பழசை கிழிச்சு முறுக்கு டப்பாக்கு அடில போட்டுருவாங்க, அதுக்கு முன்னாடி போய் பன்னெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துருங்க.

இப்ப கையில ஒரு லிஸ்ட் இருக்கும். அதை வச்சு ஒவ்வொருத்தருக்கும் தனியா போன் பண்ணுங்க, குரூப்ல வேண்டாம். கேள்வி குறிப்பா இருக்கணும். "அத்தை, ஜூலைல ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்தீங்கல்லா, அப்ப மாமா கால்ல கட்டு போட்டிருந்தாங்களே, அது என்னாச்சு?" இப்படி கேட்டா அத்தை அரைமணி நேரம் பேசுவாங்க, அந்த அரைமணில நாலு வரி உங்களுக்கு கிடைக்கும். மாசம் மறந்து போச்சுன்னு சொல்றவங்கள்ட்ட தேதி கேக்காதீங்க, பெரிய வெள்ளிக்கு முன்னாடியா பின்னாடியா, அசனத்துக்கு (சர்ச்ல போடுற விருந்து) முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க, டக்குனு சொல்லிருவாங்க. டைப் பண்ண முடியாத பெரியவங்க வாய்ஸ் நோட் அனுப்பட்டும். சின்னப் பிள்ளைங்க சொல்றத திருத்தாம அப்படியே போடுங்க, "இந்த வருஷம் எனக்கு ரெண்டு பல் விழுந்துச்சு, ஒண்ண காக்கா தூக்கிட்டு போச்சு"ன்னு ஒரு ஆறு வயசு சொன்னா அதை விட நல்ல வரி நீங்க எழுதிற மாட்டீங்க.

அடுத்து எழுதக்கூடாதது. இதுல நான் கொஞ்சம் கறார். கல்யாணம் ஆகாதவங்களப் பத்தி "ஏற்ற துணைக்காக ஜெபிக்கவும்"னு போடாதீங்க. குழந்தை இல்லாதவங்களுக்கும் அதே ரூல். அவங்க உங்கள்ட்ட ஜெபிக்க சொல்லியிருந்தா நீங்க ஜெபிங்க, அதை அச்சடிச்சு நாலு நாட்டுக்கு அனுப்புறது வேற விஷயம். நீட் மார்க், சம்பளம், வீட்டு விலை, நகை கணக்கு எந்த நம்பரும் வேண்டாம். வியாதின்னா சம்பந்தப்பட்டவங்கள்ட்ட "எழுதலாமா, எவ்வளவு எழுதலாம்"னு கேட்டுட்டுத்தான் எழுதணும், அவங்க பிள்ளைங்கள்ட்ட கேட்டா போதாது. வேலை போனவங்க, பிரிஞ்சு இருக்கிறவங்க, பேச்சுவார்த்தை ஓடிட்டு இருக்கிற சம்பந்தம், இதெல்லாம் அவங்களா சொல்ல சொன்னாத்தான். ஆனா அதுக்காக அந்த ஆளையே லெட்டர்ல இருந்து தூக்கிறக் கூடாது பாத்துக்கோங்க, அதுதான் ரொம்ப வலிக்கும். வேலை போன மச்சான் அந்த வருஷம் ஆச்சி வீட்டு கிணத்து மோட்டார சரி பண்ணியிருப்பான், கல்யாண வீட்ல பந்தி பரிமாறியிருப்பான், அதை எழுதுங்க. மருமகள்களையும் மருமகன்களையும் பேர் சொல்லி எழுதுங்க, "மனைவி பிள்ளைகளுடன்"னு முடிச்சு விட்டுறாதீங்க, அவங்களும் ஒரு வருஷம் வாழ்ந்திருக்காங்க.

ஒரு சாம்பிள் தர்றேன். வழக்கமா வர்றது இப்படி இருக்கும்: "தேவ கிருபையால் மூத்த மகள் குடும்பத்தினர் புதிய இல்லம் கட்டி முடித்து பிரதிஷ்டை செய்தனர். மகன் சிறப்பான மதிப்பெண் பெற்று தேர்ச்சி அடைந்தான்." இதை இப்படி எழுதிப் பாருங்க: "ஆகஸ்ட்ல பெரிய அக்கா வீடு பிரதிஷ்டை. சர்ச் ஐயர் ஜெபிச்சு முடிக்கிறதுக்குள்ள பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு, பந்தல்ல மழைத்தண்ணி நின்னதுல சித்தப்பா செருப்பு ஒண்ணு மிதந்து போய் பக்கத்து வீட்ல கிடைச்சது. வந்தவங்க எல்லாரும் மாடி ஏறிப் பாத்தாங்க, ஆச்சி மட்டும் கீழயே உக்காந்து அடுப்படி கிழக்க பாத்து இருக்கான்னு மூணு தடவ கேட்டாங்க." வீடு கட்டின சந்தோஷம் ரெண்டாவதுலதான் ஜாஸ்தி தெரியுது, யாருக்கும் வயிறும் எரியாது. (கிருபைன்னு எழுத வேண்டாம்னு சொல்லல, மேல ஒரு தடவ கீழ ஒரு தடவ போதும், பத்திக்கு பத்தி போட்டா கண்ணு அதை தாண்டிப் போயிரும். தலைப்புல "இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார்"ங்கிற எபெனேசர் வசனம்தான் எல்லா வீட்டு லெட்டர்லயும் இருக்கு, சங்கீதம் 65:11 எடுத்துப் பாருங்க, வருஷ முடிவுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்.)

இறந்தவங்கள எப்படி எழுதுறதுன்னு நிறைய பேருக்கு குழப்பம். முதல் பத்தில வச்சா லெட்டரே அடக்க ஆராதனை மாதிரி ஆயிடுது, கடைசில வச்சா லெட்டர் அழுகைலயே முடிஞ்சிருது. அவங்க போன மாசத்துலயே வைங்க. ஆனா அதுக்கு முந்தின மாசங்கள்லயும் அவங்க வரணும், பிப்ரவரில தாத்தா ரேஷன் கடைல சண்டை போட்டது, ஏப்ரல்ல குருத்தோலை ஞாயிறுக்கு பேரனுக்கு ஓலைல சிலுவை செஞ்சு குடுத்தது, அப்புறம் ஜூன்ல அவங்க போனது. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு ஒரு வரி, தேதி, எந்த கல்லறைத் தோட்டம், யாரு யாரு வர முடியாம போச்சு, அவ்வளவு போதும். வர முடியாதவங்க பேர குறையா எழுதாதீங்க, விசா கிடைக்காம வீடியோ கால்ல பாத்துட்டு இருந்த பேத்திக்கு அந்த வரி ஆறுதலா இருக்கணும்.

சில வருஷம் ஊருக்கே ஒண்ணு நடந்திரும், அப்ப மாசக் கணக்கெல்லாம் நிக்காது. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட, தாமிரபரணி கரையெல்லாம் தண்ணி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு எண்ணூறு பேர் கிட்ட மாட்டிக்கிட்டாங்க, அதுக்கு ஒரு வாரத்துல கிறிஸ்மஸ். அந்த மாதிரி வருஷம் லெட்டர்ல முக்கால்வாசி அந்த ரெண்டு நாளுக்கே குடுத்திருங்க, ஒவ்வொரு வீடும் அந்த ராத்திரி எங்க இருந்துச்சு, யாரு மாடில, யாரு ரயில்ல, யாரு போன் கிடைக்காம சென்னைல உக்காந்து அழுதிட்டு இருந்தாங்க, தண்ணி எந்த படி வரைக்கும் வந்துச்சு. மீதி பதினோரு மாசத்துக்கு ஒரு பத்தி போதும். இன்னொண்ணு, டிசம்பர் 25ஓட வருஷம் முடிஞ்சுறாது, சுனாமி வந்ததே 2004ல கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலைலதான். அதனால கடைசி பக்கத்துல கொஞ்சம் இடம் வெறுமனே விட்டுருங்க, 31 வரைக்கும் நடக்கிறத கையாலேயே எழுதிக்கலாம்.

நீளம் ஏ4ல நாலு பக்கத்த தாண்ட வேண்டாம். எழுத்து 14 சைஸ், பெரியவங்க கண்ணாடி தேடாம படிக்கணும். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பெரியவங்கள்ட்டயும் ஒரு மருமகள்ட்டயும் காட்டிருங்க, பெரியவங்க தேதியையும் உறவுமுறையையும் திருத்துவாங்க, மருமகள் எந்த வரி வம்பாகும்னு சரியா சொல்லிருவாங்க. போட்டோ பக்கத்துக்கு ஒண்ணு, எல்லாரும் வரிசையா நிக்கிற படம் ஒண்ணு போதும், மீதியெல்லாம் சும்மா எடுத்தது இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைல 22, 23ம் தேதி பாட்டு ஷீட்டும் ஆராதனை ஷீட்டும் போட கூட்டம் நிக்கும், 18க்குள்ள போயிருங்க.

எப்ப வாசிக்கிறது? 25ம் தேதி மட்டும் வேண்டாம். விடியக்காலம் ஆராதனைக்கு போயிட்டு வந்து, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு, எல்லாரும் பாய் விரிச்சு மல்லாந்துருவாங்க, நீங்க வாசிச்சா ரெண்டாவது பத்திலயே குறட்டை வரும். 31 சாயங்காலம் நல்ல நேரம், வாட்ச் நைட்டுக்கு (புது வருஷம் பொறக்கிற ராத்திரி ஆராதனை) கிளம்ப இன்னும் நேரம் இருக்கும், எல்லாரும் ஹால்லதான் இருப்பாங்க. வெளிநாட்டுக்காரங்களயும் சேக்கணும்னா நம்ம டைம் ஏழு மணின்னா துபாய்ல அஞ்சரை, நியூஜெர்சில காலைல எட்டரை, ஆனா சிட்னில நடுராத்திரி தாண்டி புது வருஷமே பொறந்திருக்கும், அங்க ஆள் இருந்தா நாலரைக்கு வைங்க, அங்க ராத்திரி பத்து, நியூஜெர்சிக்காரங்க மட்டும் ஆறு மணிக்கு எந்திரிக்கட்டும். வாட்ஸ்அப் கால்ல 32 பேர் வரைக்கும்தான், அதுக்கு மேலன்னா கூகுள் மீட், அது ஃப்ரீல ஒரு மணி நேரத்துல கட் ஆயிடும், அதனால நலம் விசாரிக்கிறத பின்னாடி வச்சிட்டு முதல்ல லெட்டர வாசிச்சிருங்க. ஒரே ஆள் வாசிக்காம மாசத்துக்கு ஒரு ஆளா வாசிக்கலாம், ஒரு வீட்டு சேதி அதிகமா இருக்கிற மாசத்த இன்னொரு வீட்டுக்காரர் வாசிக்கணும், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு பக்கத்துல ஒரு சித்திய உக்கார வைங்க.

வாசிச்சதும் திருத்தம் வரும். "அது மார்ச் இல்ல, பிப்ரவரி", "நான் அழல, கண்ணுல தூசி"ன்னு. எல்லாத்தையும் அந்த பேப்பர் ஓரத்துலயே பேனால குறிச்சுட்டு, அந்த காப்பிய ஆச்சி பைபிள் இருக்கிற அலமாரில போன வருஷத்து லெட்டரோட சேத்து வைங்க, பிடிஎஃப் ஒண்ணு வருஷம் போட்டு குரூப்ல பின் பண்ணிருங்க. அப்புறம் முக்கியமா, கோயிலுக்கு கிளம்பி செருப்பு தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அடுத்த வருஷம் யாரு எழுதுறதுன்னு பேர் சொல்ல வச்சிருங்க, அந்த ஆள் கையில புது காலண்டரையும் ஒரு பென்சிலையும் குடுத்திருங்க, இல்லன்னா அடுத்த டிசம்பரும் உங்க தலைலதான்.