முதல் க்வில்ட்: நூல் தேர்விலிருந்து கரை கட்டுவது வரை

முதல் க்வில்ட் (மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறவர்கள் துணி தேடி நான்கு கடை ஏறி இறங்குவார்கள். நூலுக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் ஜாக்கெட் நூல்கண்டே போதும் என்று விட்டுவிடுவார்கள். முனைகள் சேராமல் கோணுவதும், துவைத்தபின் தையல் பிரிவதும் பெரும்பாலும் நூலிலும், துணி ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டுப் போடும் தையலிலும்தான் தொடங்குகின்றன. அதனால் இந்த இரண்டையும் விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறோம்.

தைக்கப்போவது 36 இஞ்ச் சதுர விரிப்பு, குழந்தையைத் தரையில் விளையாட விடும் அளவு. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தூங்கும்போது போர்த்த வேண்டாம்.) மேலே 64 சதுரங்களை இணைத்த முகப்பு, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி.

வாங்க வேண்டியவை

44 இஞ்ச் பன்னா உள்ள காட்டன் பாப்ளின் அல்லது கேம்பிரிக்: வெளிர் நிறம் 60 செ.மீ., அடர் நிறம் 60 செ.மீ., அடித்துணி 1¼ மீட்டர், கரைப்பட்டைக்கு 35 செ.மீ. நடு அடுக்குக்கு 40 இஞ்ச் சதுரம். காட்டன் பேட்டிங் (க்வில்ட் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மெல்லிய ஃபிளானல் துணி போதும், நம் வெயிலுக்கு அதுவே இதம். பொசுபொசுவென்ற பாலியஸ்டர் வேடிங் முதல் முயற்சிக்கு வேண்டாம்; மெஷின் பாதத்தின் கீழ் நழுவும்.

வெட்டுவதற்கு முன் முகப்பு, அடி, கரைத் துணிகள் எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போடுங்கள். ஒரு துணி சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் முதல் துவைப்பிலேயே முகப்பு இழுத்துக்கொள்ளும். சுங்குடி, மெட்ராஸ் செக், இண்டிகோ போன்றவற்றை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும் வரை தனியாக அலசுங்கள். அப்படியும் நிற்காத துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

நூல்: மூன்று வேலை, மூன்று தேர்வு

நூல்கண்டில் 50 வெயிட் என்றிருந்தால் அந்த நூல் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிலோ எடை என்று பொருள். எண் கூடக் கூட நூல் மெலியும். 50/2 என்றால் இரண்டு இழை முறுக்கியது, 50/3 என்றால் மூன்று. எல்லாக் கம்பெனிகளும் ஒரே கணக்கில் எண் போடுவதில்லை. ஆகவே இரண்டு கம்பெனி நூலை ஒப்பிடும்போது எண்ணை நம்பாமல் விரலில் உருட்டிப் பாருங்கள்.

துண்டுகளை இணைக்க மெல்லிய 50 வெயிட் காட்டன் நூல். தடித்த நூலில் தைத்தால் தையலை மடித்து அழுத்தும் இடத்தில் நூலின் பருமன் துணியைத் தின்றுவிடும், சதுரம் சிறுக்கும். காட்டன் நூல் கிடைக்காத ஊரில் டிக்கெட் 120 ஸ்பன் பாலியஸ்டரில் தாராளமாகத் தைக்கலாம். நிறத்துக்கு அலைய வேண்டாம்: வெளிர் சாம்பல் எந்தத் துணியிலும் அடங்கிப்போகும். மினுமினுக்கும் ரேயான் எம்பிராய்டரி நூல் மட்டும் இந்த வேலைக்கு ஆகாது, ஈரத்தில் அதன் பலம் குறையும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 40 வெயிட் காட்டன். இந்தத் தையல் வெளியே தெரிய வேண்டியது, அதனால் கொஞ்சம் தடிமன் அழகுதான். கையால் தைப்பதென்றால் 8ஆம் எண் பேர்ல் காட்டன் (தடித்த எம்பிராய்டரி நூல்) எடுத்து, இஞ்சுக்கு நான்கு ஓட்டுத்தையல் போடுங்கள். கைத்தையலுக்கென்றே மெழுகுப் பூச்சோடு வரும் க்வில்டிங் நூலை மெஷினில் கோர்க்காதீர்கள். பூச்சு உதிர்ந்து, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே படியும்.

கரையைக் கையால் ஹெம்மிங் செய்யக் கரைத்துணி நிறத்தில் 50 வெயிட் நூல்.

மெஷினில் 16ஆம் எண் ஊசி இருந்தால் கழற்றி 14 (90) போடுங்கள். மெல்லிய நூலுக்கு 12 (80) இன்னும் பொருத்தம்.

கால் இஞ்ச் சோதனை

ஒரு சதுரம் வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, கால் இஞ்ச் விட்டு அடுத்தடுத்து இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது. ஒரு நூலிழை அளவு வெளியே நகர்த்தித் திரும்பத் தையுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் அந்தக் கோட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வரிசையில் எட்டுச் சதுரம், ஏழு தையல். ஒவ்வொன்றிலும் 1/16 இஞ்ச் பிசகினால், அது இரு பக்கத் துணியிலும் குறைவதால், வரிசை முடிவில் 7/8 இஞ்ச் போயிருக்கும்.

வெட்டி இணைப்பது

5 இஞ்ச் சதுரம், நிறத்துக்கு 32. ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே தாளில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். அட்டை அச்சின் விளிம்பு தேய்ந்து, கடைசிச் சதுரம் முதல் சதுரத்தின் அளவில் இருக்காது. அச்சின் விளிம்பு துணியின் நெசவோடு ஒட்டி நிற்கட்டும். கிராஸில் (நெசவுக்குச் சாய்வாக) வெட்டிய சதுரம் கை பட்டாலே இழுபடும்.

வெளிரும் அடரும் மாறி மாறி வரும்படி எட்டு வரிசை தையுங்கள், தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. தையல் மடிப்பை எப்போதும் அடர் துணிப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அப்போது அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் விழுந்து, இணைக்கும்போது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். முனைகள் சேரும் ரகசியம் இதுதான். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். முகப்பு 36½ இஞ்ச் வரும்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பது

அடித்துணியைக் கவிழ்த்து, விறைப்பாகத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே பேட்டிங், அதற்கு மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளியே போகும்படி 4 இஞ்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின். இதில் சோம்பல் பட்டால் அடியில் சுருக்கம் நிச்சயம்.

சதுரங்களின் மூலைவிட்டத்தில் தைப்பது தொடக்கக்காரர்களுக்கு நல்லது. முனைகள் சற்றுத் தவறியிருந்தாலும் கண் அங்கே போகாது. நடுக்கோட்டில் தொடங்குங்கள், தையல் நீளம் 3 மி.மீ. ஒரு திசையில் தைத்து முடித்தால் கோடுகளுக்கு இடைவெளி 3 இஞ்ச்சுக்குச் சற்று மேல் வரும், பேட்டிங் நகராமலிருக்க அது போதும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். சாதாரணப் பாதத்தில் கீழ்த்துணியைப் பற்கள் இழுக்க, மேல்துணி பின்தங்கி மடிப்பாகச் சேரும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாகத் தைத்தால் சமாளிக்கலாம்.

அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைத் திருகாதீர்கள். மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை என்பதே வழக்கமான காரணம். பாதத்தைத் தூக்கிவைத்து முதலிலிருந்து கோர்த்தால் சரியாகும். பாபின் நூல் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள்.

ஓரங்களைச் சமமாக வெட்டி, கரைத்துணியில் வெட்டிய 2½ இஞ்ச் பட்டை நான்கைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் கால் இஞ்ச்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்துத் திரும்பக் கீழே இறக்கினால் மூலை கூராக வரும். பின்பக்கம் திருப்பி ஹெம்மிங்.

சேர்ந்து தைப்பவர்களுக்கு

தனியாகத் தைப்பதைவிடக் கூட்டமாகத் தைக்கும்போது கை சீக்கிரம் தேறும். அமெரிக்காவின் அலபாமாவில் 1966இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஃப்ரீடம் க்வில்டிங் பீ, இந்த வேலையையே கூட்டுறவாக நடத்தி வருமானம் ஈட்டியது. பொழுதுபோக்காகத் தைப்பவர்களிடையே பிளாக் பரிமாற்றம் வழக்கம்: ஆளுக்கு ஒரு பிளாக் (துண்டுகளை இணைத்த ஒரு சதுரம்) தைத்து ஒருவருக்குக் கொடுப்பார்கள், அடுத்த முறை இன்னொருவருக்கு. பலர் கையில் தைத்த பிளாக்குகள் ஒரே போர்வையில் உட்கார வேண்டுமானால், தொடங்கும்போதே மூன்றைப் பேசி முடியுங்கள். வெட்டி முடித்த அளவு (12½ இஞ்ச் வசதியானது), துணியைத் துவைத்த பிறகா துவைக்காமலா, எந்த நூல். எல்லோரும் அந்த மூன்று பட்டைச் சோதனையைத் தைத்து எடுத்து வரட்டும். யாருடையது 1 இஞ்ச் வரவில்லையோ அவர் மெஷினில் டேப்பை நகர்த்தி ஒட்டிக் கொடுத்த பிறகு துணியை வெட்டுங்கள்.