பழைய லெப்டொப்பில் இன்டர்நெட் அறுந்துகொண்டே இருக்கிறதா? கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெப்டொப்பில் இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அது கட் ஆகிற நேரத்தில், அதே வைஃபையில் உங்கள் போன் வேலை செய்கிறதா?" பெரும்பாலும் பதில் இருக்காது. ஆனால் அதற்குள் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள், ரவுட்டரின் பின்பக்க ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்திருப்பார்கள், சிம்மையும் மாற்றியிருப்பார்கள். ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், ரிப்பேர் கடையில் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. எங்கே அறுகிறது என்று பார்க்காமலே கைவைக்கிறோம். மற்றத் தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் பக்கம் பல வீடுகளில் சிம் போட்ட ரவுட்டர்தான். அங்கே இருப்பது ஓர் இணைப்பல்ல, இரண்டு. டவரிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து லெப்டொப்புக்கு இன்னொன்று. திரையின் மூலையில் வைஃபை குறி முழுதாக இருப்பது இரண்டாவது இணைப்பை மட்டும்தான் சொல்கிறது. அதைப் பார்த்து "சிக்னல் ஃபுல்லா இருக்கு, கம்பனிக்காரன்தான் ஏமாத்துறான்" என்று முடிவுகட்டுவது தவறு. குறி முழுதாக இருந்தும் டவர் பக்கம் அறுந்திருக்கலாம்.

எந்தப் பக்கம் அறுகிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை. கமாண்ட் ப்ரொம்ப்ட் கறுப்புத் திரையை இரண்டு தடவை திறந்துகொள்ளுங்கள். ஒன்றில், மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் (ping) கட்டளையோடு ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இன்னொன்றில், வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் கூகுள் சர்வரின் எண்ணான 8.8.8.8. இரண்டுக்கும் கடைசியில் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அறுகிற நேரத்தில் இரண்டும் நின்றால் கோளாறு லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில். 8.8.8.8 மட்டும் நின்றால் லெப்டொப்பைத் தொடவே வேண்டாம், பிரச்சினை வெளியே. இரண்டும் ஓடுகின்றன, ஆனாலும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையகத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது மழையும் பனியும்தான். நோர்வூட் பக்கம் ஒரு தோட்ட லயன் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "அண்ணா, பனி மூடி மழை புடிச்சா ஸூம் கிளாஸ் கட் ஆகிடுது, டவர் சரியில்ல" என்றாள். சொந்தக்காரர் கொடுத்த பழைய லெப்டொப். ஓர் அந்தி நேரம் மழைக்கு அவர்கள் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு பிங்கையும் ஓடவிட்டேன். ஐந்தரை மணி போல கரண்ட் போனது. பல்பு அணைந்தது, லெப்டொப்பின் திரை ஒரு படி மங்கியது. ரவுட்டர் அணையவில்லை. 2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் வாங்கிய சின்ன யூபிஎஸ் அதைத் தாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பிங்கும் ஒன்றாக நின்றன. பக்கத்திலேயே அவள் தம்பி அதே வைஃபையில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான், அது நிற்கவே இல்லை.

சார்ஜரில் இருக்கும்போது முழு வலுவோடு ஓடும் வைஃபை கார்டை, பெட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் மின்சாரச் சிக்கனத்துக்குள் தள்ளுகிறது. புதிய கார்டுகள் அதைச் சமாளிக்கும், பழைய கார்டுகள் சில தூங்கிவிட்டு எழும்புவதில்லை. மழை வந்தால் கரண்ட் போகிறது, கரண்ட் போனால் லெப்டொப் பெட்டரிக்கு மாறுகிறது, பெட்டரிக்கு மாறினால் வைஃபை அறுகிறது. அந்தப் பிள்ளை கண்டது முதலையும் கடைசியையும் மட்டும்தான். அதற்காக இரண்டு தடவை சிம் கம்பனியை மாற்றியிருந்தார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் வயர்லெஸ் அடாப்டர் என்பதைப் பெட்டரிக்கும் 'மேக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ்' ஆக்குங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் இரண்டு தடவை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பெட்டரி சற்றுச் சீக்கிரம் இறங்கும். பாடம் நடுவில் அறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

போன் சிக்னல் போகும் அலைவரிசைகளைப் பனிமூட்டம் அப்படியொன்றும் தடுப்பதில்லை. மழையும் அங்கே பெரிதாகக் குறுக்கிடாது. நனைந்த மரக்கிளைகளும் நடுவில் நிற்கும் மலையும் அதைவிடப் பெரிய தடை. மழை நாளில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து ஒரே டவரை இழுப்பதும், கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரின் பெட்டரியே தீர்ந்துபோவதும் உண்டு. இதெல்லாம் 8.8.8.8 மட்டும் நிற்கும் வகை.

அந்த வகை என்றால், ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அலுமாரியின் உச்சியில், தகரத்துக்கு ஒரு சாண் கீழே வைத்துவிடுகிறோம். தகரம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், பழைய லயன்களின் கருங்கல் சுவர் அதை விழுங்கும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்து, பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்தால் வரும் பக்கத்துக்குள் போய், டவர் சிக்னலின் வலுவைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 80, 90 நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டினால் அறுவதில் ஆச்சரியமில்லை. கையால் ஓரடி நகர்த்தினாலும் அந்த எண் மாறுவதைக் கண்ணாலே காணலாம். பகல் டேட்டா முடிந்து இரவு டேட்டா மட்டும் மிச்சமிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்றால், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் எல்லாரும் ரவுட்டர் வாங்கிவிட்டதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பழைய லெப்டொப் பலவற்றுக்கு வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், அதுதான் நெரிசலான பாதை. ரவுட்டரின் அதே பக்கத்தில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாகவும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவும் வையுங்கள். புது ரவுட்டர் வாங்கியதிலிருந்துதான் அறுகிறது என்றால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டுகளுக்கு அது ஒத்துவராது, டபிள்யூபிஏ2 போதும்.

அடுத்தது டிரைவர், அதாவது வைஃபை கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். அறுந்தவுடன் டிரைவரை அழிப்பதும், அப்டேட் செய்து தருகிறோம் என்று இணையத்தில் கூப்பிடும் மென்பொருளை நம்புவதும் வேண்டாம். டிரைவர் கோப்பையும் சேர்த்து அழித்துவிட்டால், புதிதை எடுக்க இன்டர்நெட்டே இருக்காது. முதலில் உங்கள் லெப்டொப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, மொடல் எண்ணைப் பார்த்து, டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். ஏற்கனவே அழித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளால் செருகி டெதரிங் போட்டால், வைஃபை இல்லாமலே லெப்டொப்புக்கு இன்டர்நெட் வரும். 'நெட்வர்க் ரீசெட்' கடைசிக் கருவி; சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, இரண்டு பிங்கும் ஓடியும் பக்கம் திறக்காத அந்தக் கதை. கடிகாரத்தைப் பாருங்கள். திகதி சில வருடங்கள் பின்னால் போயிருக்கலாம். பழைய லெப்டொப்பின் உள்ளே காசு அளவில் ஒரு சின்ன பெட்டரி நேரத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. அது செத்து, பெரிய பெட்டரியும் சோர்ந்திருந்தால், கரண்ட் போய் மெஷின் அணையும் ஒவ்வொரு தடவையும் திகதி பழையதாகும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. திகதி பொருந்தாவிட்டால் பிரவுசர் எச்சரித்துத் திறக்க மறுக்கும். அதை இன்டர்நெட் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். திகதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரி, அந்தப் பெட்டரியை மாற்றினால் முழுதாகச் சரி. பெரும்பாலும் சிஆர்2032 வகை, ஆனால் பல லெப்டொப்பில் வயரோடு வரும். கழற்றிக் கையில் எடுத்துப் போய் அதேபோல் வாங்குங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. அதனால்தான் இணைப்பு அறுகிறது என்று சொல்லிப் புது மெஷின் வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது உண்மை, அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது வைஃபையை அறுக்காது.

மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கூரையில் ஆன்டெனா இருந்தால் அதன் வயரையும்.

இவ்வளவும் செய்து, லெப்டொப் பக்கம்தான் என்று உறுதியானால் இன்னும் இரண்டு சோதனைகள். பிங் ஓடும்போதே திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். வைஃபை ஆன்டெனா வயர் கீல் வழியாகத்தான் திரைக்குப் போகிறது, தேய்ந்திருந்தால் சாய்க்கும்போது அறும். அடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அங்கே அறாமல் ஓடினால் கார்டு நல்லது, கோளாறு விண்டோஸில். அங்கேயும் அறுந்தால் சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று போதும். அதை நீல நிற யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள், அங்கே ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் வரும். கடைக்குப் போகவேண்டி வந்தால், எந்த பிங் எப்போது நின்றது, சார்ஜரிலா பெட்டரியிலா என்று ஒரு தாளில் எழுதி, லெப்டொப்போடு சேர்த்துக் கொடுங்கள்.