கட்டில் படம் வந்ததா?

லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கோச் பேருந்து ஓட்டத் தொடங்கிய புதிது. டோவர் வரை இரண்டே கால் மணி நேரம் ஓட்டியிருந்தேன். அப்புறம் கப்பலில் ஒன்றரை மணி நேரம், தேநீர், ஒரு குட்டித் தூக்கம். ஓய்வு எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் கலேயில் இறங்கினேன்.

ஏ1 நெடுஞ்சாலையில் டாக்கோகிராஃப், அதாவது ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவி, கத்தத் தொடங்கியது. நாலேகால் மணி ஓட்டிவிட்டாயாம், இன்னும் 15 நிமிடம்தானாம்! இங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். எடுத்தேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, அந்தக் கருவியில் பதிவுச் சீட்டை அச்செடுத்துப் பார்த்தேன். கப்பல் நேரம் முழுக்க இரண்டு சுத்தியல் படம். அதாவது 'வேறு வேலை'. வண்டி நின்றதும் கருவி தானாகவே அதற்குப் போய்விடும்; ஓய்வைக் குறிக்கும் கட்டில் படத்துக்கு நாம்தான் மாற்ற வேண்டும். நான் குறட்டை விட்டது அதற்கு உழைப்பு!

அங்கேயே முழுதாக 45 நிமிடம் நின்றேன். பயணிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அச்செடுத்த சீட்டின் பின்பக்கம் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டேன். அதில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். கோடையில் பாரிஸ் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னால். அதைப் பார்த்து இன்னொரு முறை குழம்பியது தனிக்கதை.

இப்போதெல்லாம் கட்டில் படம் தெரிந்த பிறகுதான் சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கிறேன்.