ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கோயில்

சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் ரீல்ஸ் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் மணி பத்தாகிவிடுகிறது. சாமி கும்பிட நேரமில்லை என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் டெல்டாவில் ஒரு வசதி உண்டு. தேவாரப் பாடல் பெற்ற சோழ நாட்டுத் தலங்கள் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127. பக்கத்தில் ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே ராத்திரி கடைசிப் பூஜையான அர்த்தசாமத்துக்குப் போங்கள். கூட்டம் இருக்காது. எண்ணெய் வாசனை, பிராகாரத்தில் வௌவால் சத்தம், பள்ளியறைக்குப் போகும் சாமி. முடிந்ததும் கையில் கொஞ்சம் பால் ஊற்றுவார்கள். சின்ன ஊர் என்றால் குருக்கள் நாலு கோயிலுக்கு பைக்கில் அலைபவராக இருப்பார். நேரத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் வீட்டிலேயே இருக்கட்டும். முக்கியமான விஷயம் இதுதான். அந்தக் கோயில் சாமி மேல் பாடிய தேவாரப் பாட்டுத் தொகுப்பை, அதாவது பதிகத்தை, போனில் பார்த்துப் படிக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டுக்குள் கிரிக்கெட் ஸ்கோர் வந்து நின்றது! அப்புறம் அந்த ஊர்ப் பதிகத்தைப் பழைய நோட்டுத் தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தர் பதிகம் என்றால் பெரும்பாலும் 11 பாட்டு. எட்டாவதில் ராவணன் வருவான், ஒன்பதாவதில் திருமாலும் பிரம்மாவும் சிவனின் அடிமுடி தேடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். ராகம் தெரியாவிட்டால் சும்மா வாசியுங்கள். விட்டுப்போன சீரியலின் கதையை எப்படியும் மறுநாள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.